அறுத்துக் கட்டாத சாதி

காலனியக் குடிமதிப்பு சாதியை எப்படி இறுக்கியது என்பது குறித்து நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஊருக்கு ஊர் மாறிக் கிடந்த அடையாளங்களைக் கட்டம் போட்டு அடைத்தது கணக்கெடுப்புதான் என்ற வாதம், பெர்னார்ட் கோன், நிக்கலஸ் டர்க்ஸ் வழியாக நம் வகுப்பறைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒரு சாதியை இன்னொன்றுக்கு மேலே வைக்க அதிகாரி எதை அளந்தார் என்று கேட்டால்தான் பெண் கண்ணுக்குத் தெரிகிறாள்.

1891இல் தொழில்வாரியாகத் தொகுக்கப்பட்ட சாதிகளை, 1901 குடிமதிப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, சமூகத்தில் அவற்றுக்கு இருந்த மதிப்பின்படி அடுக்கச் சொன்னார். அடுக்குவதற்கு அடையாளங்கள் வேண்டுமே! பிராமணர் இவர்கள் கையால் தண்ணீர் வாங்குவாரா? பிராமணப் புரோகிதர் இவர்கள் வீட்டுக்கு வருவாரா? இவர்கள் தொட்டால் தீட்டா? இந்த வரிசையில் இன்னொன்றும் இருந்தது: கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்கிறார்களா?

முதல் மூன்றும் பிறர் கையில் இருப்பவை. பிராமணர் தண்ணீர் வாங்க மறுத்தால் மறுத்ததுதான். மனுப் போட்டு அவர் மனதை மாற்ற முடியாது. கடைசி ஒன்று மட்டும் சொந்த வீட்டுக்குள் இருக்கிறது. மேலே ஏற விரும்பிய ஆண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த படி அது.

நம் ஊர்ப்பக்கம் 'அறுத்துக் கட்டுற சாதி' என்று ஒரு ஏச்சு உண்டு. தாலியறுத்தவள் மறுபடி தாலி கட்டிக்கொள்வாள், ஒத்துவராத புருஷனைப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு இன்னொருவனோடு போய்விடுவாள் என்று இளக்காரமாகச் சொல்வது. உழைக்கும் சாதிகள் பலவற்றில் இருந்த வழக்கம்தான் இது. அதைப் பெண் விடுதலை என்று கொண்டாடிவிட வேண்டாம். பரிசப் பணத் தகராறும் பஞ்சாயத்து ஆண்களின் அதிகாரமும் அதற்குள்ளும் இருந்தன. ஆனாலும் வெளியே போக ஒரு கதவு இருந்தது. சாதி உயர்வின் முதல் பலி அந்தக் கதவு.

குடிமதிப்பு நெருங்கும்போதெல்லாம் பெயர் மாற்றமும் வருணமும் கேட்டு மனுக்கள் குவிந்தன. 1911இல் வங்காளத்தில் மட்டும் வந்த மனுக்களின் எடை ஒன்றரை மணங்கு, அதாவது ஏறக்குறைய 56 கிலோ, என்று அந்த மாகாணக் குடிமதிப்பு அதிகாரி குறித்து வைத்திருக்கிறார். மேலேற விரும்பும் சாதிகள் கைம்பெண் மறுமணத்தைக் கைவிடுவதை ரிஸ்லியே கவனித்து எழுதினார். கவனித்தவரே அதை அளவுகோலிலும் சேர்த்துக்கொண்டதுதான் வேடிக்கை.

அந்த அளவுகோலை வெள்ளைக்காரர்கள் உருவாக்கவில்லை. கைம்மை நோன்பின் கொடுமை புறநானூற்றிலேயே பதிவாகியிருக்கிறது. ஆட்சி செய்தது, அந்தக் கொடுமைக்கு அரசு அட்டவணையில் இடம் கொடுத்தது. நம் ஆண்கள் அந்த இடத்துக்குப் போட்டி போட்டார்கள். எம்.என். சீனிவாஸ் 1952இல் இந்தப் போக்குக்குச் 'சமஸ்கிருதமயமாதல்' என்று பெயரிட்டார். மேலேறும் சாதிகள் பெண்களிடம் கடுமையாவதை அவர் அறியாதவரல்ல. ஆனால் அந்தச் சொல்லில் அது தெரியவில்லை. அசைவம் விடுவதும் பூணூல் போடுவதும் பெண்ணின் மறுவாழ்வை மூடுவதும் ஒரே பட்டியலில் உட்கார்ந்துவிடுகின்றன. முதல் இரண்டைச் செய்பவர் தானே விட்டு, தானே போட்டுக்கொள்கிறார். மூன்றாவதில் முடிவு ஒருவருடையது, வாழ்க்கை இன்னொருத்தியுடையது.

2027 குடிமதிப்பில் சாதி கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். காலனிய விமர்சனத்தைக் காட்டி அதை எதிர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலமும் வேலையும் யாரிடம் இருக்கின்றன என்று அறிய எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கையை வைத்துச் சாதிச் சங்கங்கள் நாளை பேசும்போது, சாதிப் பெருமைக்காக வீட்டுப் பெண்ணிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதைச் சேர்த்துக் கேட்பது நம் வேலை.

பழைய படிவத்துக்கே வருவோம். திருமண நிலைக்கு அதில் மூன்றே பதில்கள்: மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர். மணம் முறிந்து தனித்திருப்பவரை மூன்றாவதில் எழுத வேண்டும் என்பது விதி. புருஷனைத் தீர்த்துவிட்டுத் தாய்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவள், அவன் பக்கத்து ஊரில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கைம்பெண் ஆனாள். பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால், அந்த இடத்தில் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளக் கணக்கெடுப்பவருக்கு அனுமதி இருந்தது.