வீட்டுக்காரம்மா

வாடகை வீட்டை "உட்கார்ந்த இடத்தில் வருமானம்" என்கிறார்கள். உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல் பக்கம் வியாபாரத்தில் மிஞ்சும் பணம் மனையாகவோ வாடகைக்கு விடும் வரிசை வீடுகளாகவோ மாறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பணம் போட்டவர் கடையில் இருப்பார். வீடுகளைப் பார்த்துக்கொள்பவர் அவர் மனைவி. ஒரு குடும்பம் காலி செய்ததும் பினாயில் ஊற்றிக் கழுவுவது, ஒழுகும் குழாய்க்கு ஆள் பிடிப்பது, வெள்ளையடிக்கும்போது கூடவே நிற்பது, ஆலையில் கூலி போடும் சனிக்கிழமை மாலை வாடகைக்குப் போவது எல்லாம் அவர் வேலை. குடியிருப்பவர்களுக்கு அவர்தான் வீட்டுக்காரம்மா. வாடகையை ஏற்றினால் வசவும் அவருக்குத்தான். பத்திரத்தில் மட்டும் கணவர் பெயர்.

பராமரிப்புக்கு விலை போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வருமான வரிச் சட்டம் போட்டிருக்கிறது. ஆண்டு வாடகையில் வீட்டுவரி போக மிஞ்சுவதில் 30% கழித்துக்கொள்ளலாம். 1,00,000 ரூபாய் மிஞ்சினால் 30,000 ரூபாய்க்கு வரி இல்லை. உண்மையில் எவ்வளவு செலவானது என்று ரசீது காட்ட வேண்டியதில்லை. மனைவி கூலியின்றி உழைத்துச் செலவை மிச்சப்படுத்தினாலும் கழிவு குறையாது. அது போய்ச் சேர்வது உரிமையாளரிடம்.

அந்த வீட்டில் குடியிருந்து பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்ணும் இவரும் ஒன்றல்ல. ஒருவர் வாடகை கொடுப்பவர், இன்னொருவர் வாங்குபவர். ஆனால் ஆலையில் உருட்டிய குழாய்க்கு, கூலி குறைவென்றாலும், ஓர் எண்ணிக்கை உண்டு. வீட்டுக்காரம்மாவின் வேலையை எண்ணுவார் இல்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அதை எண்ணினார். சவுதியில் வேலை பார்த்த கணவன் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவனால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. இல்லத்தரசியின் பங்களிப்பை அங்கீகரிக்கச் சட்டம் இல்லை, அங்கீகரிப்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்றும் சொன்னது. வழக்காடித்தான் பங்கு பெற வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு காட்டும் குறையும்.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அதிகபட்சம் 10,000 ரூபாய் மிச்சப்படும் என்பதற்காக எழுதப்படும் பெயர், வாடகையைக் கையாளும் உரிமையையும் விற்கலாமா என்று முடிவெடுக்கும் உரிமையையும் தானாகத் தந்துவிடாது. ஏற்கெனவே ஆண் பெயரில் இருக்கும் வீடுகளை இந்தச் சலுகை தொடுவதும் இல்லை.

திருமணத்துக்குப் பின் சேரும் வீடு இருவருக்கும் உரியது என்று சட்டம் வர வேண்டும். வசவு வாங்க அவர் வீட்டுக்காரம்மா என்றால், வில்லங்கச் சான்றிதழிலும் அவர் வீட்டுக்காரம்மாவாக இருக்கட்டும்.