பள்ளிப் பட்டறையில் எதைக் கற்பது?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் நிறைந்துள்ளன. இங்குள்ள பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கவும் இரும்பு அறுக்கவும் பள்ளிக்கூடம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கைப்பழக்கமும் தொழிற்கல்வியும் ஒன்றே என்னும் எண்ணத்தில் எழும் கேள்வி இது. வருந்தத்தக்கது என்னவெனில், பள்ளிப் பட்டறைகள் பலவும் இதே எண்ணத்தில்தான் நடைபெறுகின்றன.

தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் அதில் இடம் பெற்றது. அடிப்படை இயந்திரவியல் இன்று அப்பிரிவின் பாடங்களுள் ஒன்று. மேல்நிலை மாணவருள் 25 விழுக்காட்டினரை 1995க்குள் தொழிற்பிரிவில் சேர்ப்பது 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. நாடு அதனை எட்டவில்லை. மதிப்பெண் குறைந்தோர்க்கு உரியது தொழிற்பிரிவு என்ற கருத்து இன்னும் மறையவில்லை.

பட்டறையின் முதற் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஓர் இரும்புத் தகட்டைச் சதுரமாக அராவ வேண்டும். அரத்தின் பற்கள் முன்னோக்கி அமைந்தவை. ஆகவே தள்ளும்போதுதான் அது வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பற்களே மழுங்கும். வெர்னியர் அளவியில் 49 மி.மீ. நீளம் 50 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தால், ஒரு பிரிவு 0.98 மி.மீ. ஆகும். 1 மி.மீ.க்கும் அதற்கும் உள்ள 0.02 மி.மீ. வேறுபாடே அக்கருவியின் நுட்பம். இக்காரணங்களை அறியாமல் தகட்டை அராவி, பதிவேட்டில் படம் வரைந்து மதிப்பெண் பெறும் மாணவன், கற்றது வேலையன்று, சடங்கு.

சிவகாசியில் காரணம் அறிவது உயிர்க்காப்பும் ஆகும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். வெடிமருந்து கையாளும் இடத்தில் இரும்புக் கருவிகளைத் தவிர்த்து, பித்தளை, மரக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஏன்? இரும்பு கடினமான பொருளில் உரசும்போது பெயரும் நுண்துகள்கள் காற்றில் எரிந்து பொறியாகின்றன. பித்தளைத் துகள்கள் அவ்வாறு எளிதில் எரிவதில்லை. மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாடநூலோடு இத்தகைய உள்ளூர்ப் பாடங்களையும் சேர்ப்பது பள்ளியின் கடமை.

தொழிற்கல்வி என்றதும் நம் மக்கள் ஐயுறுவதற்கு வரலாறும் உண்டு. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளைப் பாதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகச் செய்தது. பிறப்பே தொழிலை முடிவு செய்யும் என்ற கண்டனம் எழுந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1954இல் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று மறுக்கப்பட்டது குலத்தொழிலே; உழைப்பன்று. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அவர்கள் கற்றது தந்தையிடமிருந்து வந்த தொழில் அன்று; தேடிச் சென்று பெற்ற அறிவு.

ஆகவே பள்ளிப் பட்டறை, ஆலைக்கு ஆள் பிடிக்கும் வாயிலாக இருத்தல் கூடாது. அறிவியல் பிரிவு மாணவரும் அங்கே அரம் பிடிக்கட்டும். தொழிற்பிரிவு மாணவரும் இயற்பியலின் காரணங்களை அறியட்டும். செய்முறைத் தேர்வில், செய்த பொருளை அளந்து பார்ப்பதோடு நில்லாமல், 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்லும் மாணவனே தொழில் கற்றவன்.