சாந்திநிகேதனமும் பெற்றோரின் எதிர்பார்ப்பும்

தத்துவ அடிப்படையில் எழுந்த மாற்றுக் கல்விக்கூடங்களை ஆராய்வோர் பலர், இலட்சியம் உயர்ந்தது, பெற்றோரின் சான்றிதழ் மோகமே அதனைச் சிதைத்தது என்னும் முடிவுக்கே வருவர். இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனம் பற்றியும் இவ்வாறு கூறப்படுவதுண்டு. ஆயின் அப்பள்ளியின் வரலாறு இம்முடிவுக்கு முற்றாக இடந்தரவில்லை.

1901ஆம் ஆண்டு டிசெம்பரில், வங்காளத்தின் போல்பூருக்கு அண்மையில், ஐந்து மாணவருடன் அப்பள்ளி தொடங்கப்பெற்றது. பிரபஞ்சத்தோடு மனிதன் கொள்ளும் இசைவே கல்வியின் பயன் என்பது தாகூரின் கொள்கை. மரநிழல் வகுப்பும் இசையும் தாய்மொழிக் கல்வியும் அக்கொள்கையினின்று பிறந்தவை.

இக்கொள்கையை ஆசிரியர் யாவரும் ஒரு தன்மையாக ஏற்றனரா? 1917இல் வெளிவந்த ‘பெர்சனாலிட்டி’ என்னும் நூலில் தாகூரே இருவேறு ஆசிரியரைக் காட்டுகிறார். ஒருவர், பட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த நிலையில் அப்பள்ளியை நாடி வந்து, 1904இல் பெரியம்மையால் இளமையிலேயே மாண்ட சதீஷ் சந்திர ராய். மற்றவர், மரக்கிளையில் அமர்ந்து படித்த மாணவனைக் கண்டு மனம் ஒவ்வாத தலைமையாசிரியர். ஒரு கூரையின் கீழேயே எதிர்பார்ப்பு இரண்டாயிருந்தது. அவ்வாறாயின் பெற்றோரை மட்டும் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

பெற்றோரின் அச்சமும் கற்பனையன்று. அரசாங்க உத்தியோகத்தரின் புதல்வர் கற்பதற்கு இப்பள்ளி தகுதியற்றது எனக் கிழக்கு வங்காள–அஸ்ஸாம் மாகாண அரசு சுற்றறிக்கை விடுத்த காலம் அது. குடியேற்ற ஆட்சியில் பரீட்சையே தொழிலுக்கு வாயிலாக இருந்தது. தாகூரும் ஒரு தந்தையே. முதல் மாணவருள் ஒருவரான அவர்தம் மைந்தர் ரதீந்திரநாத், பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் தேறி, 1906இல் விவசாயம் பயில அமெரிக்காவின் இலினோய்க்குச் சென்றார். இதனை முரண்பாடு என இகழ்தல் தகாது. தம் பிள்ளைக்கு இரு வழிகளையும் திறந்து வைத்த தந்தையின் விவேகம் அது. அவ்விவேகம் ஏனைய பெற்றோரிடம் காணப்படும்போது மட்டும் மோகம் எனப் பெயர் பெறுவது நீதியாகாது.

1924இல் தாகூர் சிக்ஷா சத்ராவை நிறுவினார். பரீட்சையை நாடும் பெற்றோர் இல்லாத ஏழைக் கிராமச் சிறுவரிடையே தம் இலட்சியத்தைத் தடையின்றிச் செயற்படுத்தலாம் என அவர் கருதினார். கைத்தொழிலும் தோட்டவேலையும் கல்வியோடு இணைந்த அம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. எதிர்பார்ப்பை வெளியிட இயலாதோரின் பிள்ளைகளிடத்தே மட்டும் ஒரு தத்துவம் முழுமை பெறுமாயின், அது பெற்றோரின் வினாவுக்கு விடை கூறியதா, அன்றி அவ்வினாவைத் தவிர்த்ததா? பரீட்சைச் சுமையினின்று விடுபட்ட அச்சிறுவர் பரீட்சை தரும் உயர்வினின்றும் விடுபட்டனர் அல்லவா?

இவ்வினா ஈழத்துக்கும் அந்நியமன்று. 1934இல் ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியவர் தாகூரே. சாந்திநிகேதனத்தின் விசுவபாரதியும் 1951இல் மத்திய பல்கலைக்கழகமாகிப் பட்டம் வழங்கும் நிறுவனங்களின் வரிசையிற் சேர்ந்தது. ஸ்ரீபாலி வளாகமோ இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்.

மாற்றுக் கல்வி தோன்றும் இடமெங்கும் பெற்றோரின் அச்சம் உடன்வரும். அவ்வச்சம் அறியாமையன்று, தம் பிள்ளை நாளை வாழப்போகும் சமூகத்தைப் பற்றிய அறிவு. பள்ளி எதனைத் தரும், எதனைத் தர இயலாது என்பதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோர்முன் திறந்து கூறுதல் வேண்டும். அக்கடமையை ஏலாத தத்துவம், எத்துணை உயர்ந்ததாயினும், தன் சோதனையின் விலையைப் பிள்ளைகளின் தலையிலேயே சுமத்துவதாக முடியும்.