பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்

எங்கள் யாழ். மாவட்டத்துக் கிராமப்புறப் பாராளுமன்றப் பிரதிநிதி ஒருவருக்கு ‘வாய் திறக்காதவர்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். முகநூலில் சுற்றும் துண்டுக் காணொளிகளில் அவர் முகம் இல்லை. வரவுசெலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நாளில், தனக்கு ஒதுக்கிய நிமிடங்களைச் சக உறுப்பினருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பயந்துவிட்டார் என்றார்கள். தயாராக வரவில்லை என்றார்கள். சபையைத் தொடர்ந்து பார்க்கிற வாசகர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்கும். பெயரும் கட்சியும் இந்தப் பத்திக்கு வேண்டாம். அவர் அன்று எடுத்த அந்த ஒரு முடிவு போதும். வடக்கிலிருந்து போனவர்கள் அண்மைக்காலத்தில் ஆடிய ஆட்டங்களில் அதைவிடக் கெட்டித்தனமான ஒன்றை நான் காணவில்லை.

இரண்டாம் வாசிப்பு முழக்கத்துக்கான களம். பொருளாதாரம், அதிகாரப் பகிர்வு, காணாமல் ஆக்கப்பட்டோர் எல்லாம் அங்கே வரும், வரவும் வேண்டும். ஆனால் பேச்சு முடிந்ததும் அது காற்றோடு போய்விடலாம். யாரும் இலக்கம் சொல்லிப் பதில் தரவேண்டியதில்லை. குழுநிலை விவாதம் வேறு. அமைச்சு அமைச்சாக, செலவுத் தலைப்புத் தலைப்பாக எடுக்கும் நாட்கள் அவை. துறைக்குரிய அமைச்சர் சபையில் இருப்பார். அதிகாரிகள் தங்களுக்குரிய இடத்தில் கோப்புகளோடு காத்திருப்பார்கள். கேட்கிற கேள்வி அவர்களிடம் போய், துண்டுக் கடதாசியில் பதிலாக அமைச்சர் கைக்குத் திரும்பும். சிறிய கட்சிக்குக் கிடைக்கிற நேரம் சொற்பம். அந்தச் சொற்பத்தை எந்த நாளில் செலவழிப்பது என்பதில்தான் ஆட்டக்காரரின் தரம் தெரியும். இவர் தன் நிமிடங்களை நீர்வழங்கலுக்கும் கடற்றொழிலுக்கும் உரிய நாட்களோடு மாற்றிக்கொண்டார்.

இதைப் புரிந்துகொள்ளக் கரப்பந்தாட்டத்தைப் பாருங்கள்; அது 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. எங்கள் ஊர் மைதானங்களில் மாலையில் சுற்றி நிற்பவர்கள் அடிப்பவருக்குத்தான் கைதட்டுவார்கள். செற்றர் பந்தைத் தூக்கிக் கொடுத்த உயரமும், வலையிலிருந்து விட்ட இடைவெளியும் ஆட்டம் தெரிந்த கண்ணுக்கு மட்டுமே படும். இவர் செற்றர். இவர் கேட்டு வாங்கிய பதிலை வைத்து வேறொருவர் அடுத்த நாள் முழங்கினார், கைதட்டலும் அவருக்கே போனது. அதற்காக இவர் முறையிட்டு நான் கேட்டதில்லை.

இதை நாங்கள் தவறாக வாசிப்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1983 ஓகஸ்டில், தனிநாட்டுக் கோரிக்கைக்கு எதிராகச் சத்தியம் எடுக்கக் கோரும் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. சத்தியம் எடுக்க மறுத்துச் சபையைப் புறக்கணித்த எங்கள் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1989 பொதுத் தேர்தல் வரை குடாநாட்டின் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, நாங்கள் கோப் என்று சொல்லும் குழு, 1979இல்தான் உருவானது. அரச நிறுவனங்களைக் கேள்வி கேட்கும் முறையை அது பழகிக்கொண்ட ஆண்டுகளில் நாங்கள் அந்த அறையில் இல்லை. பிறகு போர். ஒருவரை மேடைப் பேச்சால் அளக்கும் பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது. குழு அறையில் அவர் என்ன செய்தார் என்று விசாரிக்கும் பழக்கம் வளரவில்லை. 2019இல் கோப் அமர்வுகளுக்குள் ஊடகங்களை விட்ட பிறகும், அதிகாரியை யார் கூடக் காய்ச்சினார் என்பதைத்தான் பகிர்ந்துகொண்டோம்.

இவர் காய்ச்சுவதில்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை வாசித்துவிட்டு வருகிறார். தண்ணீர் விடயத்தைப் பாருங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரை நம்பித்தான் வீடும் தோட்டமும். இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். திட்டம் கடல் பக்கம் திரும்பி, 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. திறப்பு விழாவுக்கு உரிமை கோரியும், அதைப் பழித்தும் பேச்சுகள் ஏராளம். இவருடைய கேள்விகள் வேறு வரிசையில் வந்தன. கொள்ளளவு இருக்கட்டும், நேற்று எவ்வளவு உற்பத்தியானது? அதில் எவ்வளவு குழாயில் கசிந்தது? எத்தனை வீடுகளுக்கு மானி பூட்டியாயிற்று? மின்கட்டணம் ஏறினால் ஓர் அலகு நீரின் செலவு எவ்வளவு ஏறும், அதை யார் சுமப்பது? உப்பு மிகுந்த கழிவுநீர் கடலில் எந்த இடத்தில் விடப்படுகிறது, அங்கே வலை போடுகிறவர்களிடம் கேட்டீர்களா?

இப்படிக் கேட்டால் ‘வேலை நடைபெற்று வருகிறது’ என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது. அதிகாரி ஓர் இலக்கம் சொல்லவேண்டும், இல்லையென்றால் இலக்கம் தன்னிடம் இல்லை என்று சொல்லவேண்டும். இரண்டும் பதிவில் ஏறும்.

சுன்னாகமும் அப்படித்தான். மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத மேடை இல்லை. இவர் கேட்பதோ, இப்போது அந்தக் கிணறுகளை எந்த நிறுவனம், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பரிசோதிக்கிறது, முடிவை எந்தப் பிரதேச செயலகத்தில் பார்க்கலாம் என்பதை. மின்சார சபை நீர்வழங்கல் சபையைக் காட்டும், நீர்வழங்கல் சபை சுற்றாடல் அதிகாரசபையைக் காட்டும். மூன்றும் கோப் குழுவின் எல்லைக்குள் வருபவை. மூன்றையும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு அழையுங்கள் என்பதுதான் அவருடைய வாதம். குழு அறிக்கை சபைக்கு வந்தபின் 8 வாரங்களுக்குள் அமைச்சர் பதிலளிக்கவேண்டும் என்கிறது நிலையியற் கட்டளை. அந்த 8 வாரம் முடிகிற நாளை ஞாபகம் வைத்திருக்கும் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர் அதில் ஒருவர்.

அவர் தமிழில்தான் பேசுகிறார், அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை தரும் உரிமையோடு. ஆனால் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும். ஒரு கேள்வி, ஒரு நிறுத்தம். அடுக்குமொழி பேசுபவரின் பின்னால் உரைபெயர்ப்பாளர் ஓடிக் களைக்கும்போது பாதிச் சேதி வழியில் உதிர்ந்துவிடுகிறது. இவருடைய கேள்வி முழுதாகப் போய்ச் சேருகிறது. இதைத்தான் பேச்சுவன்மை இல்லை என்று எழுதினார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

முழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் வடக்கின் கரையோரத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருமாறு வர்த்தமானி வந்தபோது எல்லோரும் குரல் கொடுத்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள், அது மீளப் பெறப்பட்டது. அந்த வெற்றியை முழக்கத்தின் கணக்கில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரச காணியாகும் என்ற வரியை முதலில் வாசித்தவர்கள் யார்? பொறுமையாகக் கடதாசி வாசிக்கிறவர்கள். பந்தை அவர்கள் தூக்கிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் அடித்தார்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த குழுநிலை விவாதத்தில் கடற்றொழில் அமைச்சின் நாளைத் தவறவிடாதீர்கள். இழுவைமடித் தடைச் சட்டம் 2017இல் நிறைவேறியது. அதைப் பற்றிய உரைகளுக்குப் பஞ்சமில்லை. இவர் மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பிடிபட்ட இந்தியப் படகுகளிலிருந்து தொடங்குவார் என்று நினைக்கிறேன்: எத்தனை, எந்த வழக்கில் எந்தக் கட்டம், எங்கள் படகுகள் கட்ட இடம் எப்போது கிடைக்கும். அமைச்சரிடம் அன்று முழுப் பதில் இராது. எழுத்தில் தருவதாகச் சொல்வார். ஒரு மாதத்துக்குள் தருவார்.

மாகாண சபைத் தேர்தல் வந்தால் அவரை அங்கே அனுப்பிவிடலாம் என்று அவருடைய கட்சிக்குள்ளேயே பேச்சு எழும். வடக்கில் அந்தத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013இல். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அனுப்பினால் பெரும் பிழை. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2020இல் 7, 2024இல் 6. எண்ணிக்கை குறையக் குறைய, குழுக்களில் எங்களுக்குக் கிடைக்கும் இடமும் சுருங்கும். அந்த ஓரிரு இடங்களிலாவது கோப்பு வாசிக்கிறவர் இருந்தாக வேண்டும்.

அடுத்த பொதுத் தேர்தலில் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கப் பார்ப்பார்கள்; நியமனம் கடைசி நேரத்தில்தான் கிடைக்கும். ஆனாலும் வெல்வார். வாக்காளர் மூன்று விருப்பு இலக்கங்கள் வரை போடலாம். ஒன்றை முழங்குகிறவருக்கும் ஒன்றைச் சொந்த ஊர்க்காரருக்கும் போட்டுவிட்டு, மூன்றாவதை இவருக்குப் போடும் வீடுகள் பெருகி வருகின்றன. தண்ணீர் மானி பூட்டிய வீடுகள், துறைமுகத்தில் படகு கட்ட இடம் தேடுகிற வீடுகள். அந்த மூன்றாவது இலக்கத்துக்கும் எண்ணும் மேசையில் முதலாவதற்கு உள்ள அதே பெறுமதிதான். எண்ணும் நிலையத்தில் விடியற்காலை கடைசியாக வாசிக்கப்படும் பெயர் இவருடையதாக இருக்கும்.