மூவார் ஆர்மோனியம்

பாட்டில் தன் ஊர்ப்பெயர் வந்துவிட்டால் கேட்பவருக்கு நெஞ்சு நிமிரும். புவெனஸ் அயர்ஸின் டாங்கோ பாடல்கள் தெருமுனைகளையும் பேட்டைகளையும் பேர் சொல்லியே வளர்ந்தவை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து மலாய்ப் பாட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு. ஜொகூர் பாரு நகருக்கு 1866இல் அந்தப் பெயர் வருவதற்கு முன் இருந்த பெயர் தஞ்சோங் புத்திரி. அதே பெயரில் உள்ள பாட்டு தெப்ராவ் நீரிணையைப் பாடுகிறது. ஜொகூர் தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் இசைவகையோ கஜல்.

கஜல் வடஇந்தியச் சரக்கு. ஜொகூரின் மூவாரில் 'பாக் லோமாக்' என்று அழைக்கப்பட்ட ஹாஜி மூசா பின் யூசோப் போன்றவர்கள் சாரங்கி, சிதார் இருந்த இடத்தில் வயலினையும் கம்பூஸ் என்ற நரம்புக் கருவியையும் வைத்தார்கள். உருது ஈரடிகள் போய் மலாய் நாலடிப் பாட்டான பந்துன் வந்தது. ஆர்மோனியமும் தபேலாவும் மட்டும் அசையவில்லை. மூவார்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஆர்மோனியக்காரரின் அருகே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இடக்கை துருத்தியை அசைக்க, வலக்கை பாடகரின் குரலுக்கு அரை மூச்சு முன்னே போய் வழி காட்டியது. மற்ற கருவிகளெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இதே ஆர்மோனியத்தை அந்நிய வாத்தியம் என்று சொல்லி 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி விலக்கி வைத்திருந்தது. கஜலோடு அதை அனுப்பிய வீடு வாசலை அடைத்த காலத்திலும் ஜொகூர் அதைத் தலைமை வாத்தியமாகவே வைத்திருந்தது. வந்ததை வாங்கித் தன் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இந்தத் துணிவை ஜொகூர் கஜலின் ஆகப்பெரிய பலமாக நான் மதிக்கிறேன்.

குறை பாட்டின் சொல்லில் இருக்கிறது. பந்துனின் முதல் இரண்டு அடிகள் சாயல் காட்டுபவை, பொருள் பின்னிரண்டு அடிகளில்தான். ஊர்ப்பெயர் பெரும்பாலும் முன்னடிகளில், ஓசைக்காக வந்து நின்றுவிடுகிறது. அழகாக ஒலிக்கும், ஆனால் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லாது. நீரிணையும் அரண்மனையும் வரும் அளவுக்கு ரப்பர் காடு வருவதில்லை. பாரம்பரியம் என்று முத்திரை குத்தி விழா மேடையில் ஏற்றியபின் பழைய மெட்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. தபேலாவின் பூர்வீகம் அறிவிப்பாளரின் ஒரு வரியோடு முடிந்துபோகிறது.

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜொகூர்த் தமிழர் கல்யாணத்தில் ஒலிப்பது சினிமாப் பாட்டு. அதில் ஓடும் ஆறு காவிரி, வைகை. மூவார் ஆற்றங்கரையில் நான்கு தலைமுறை வாழ்ந்தும் அந்த ஆற்றை நாம் பாடவில்லை. தோட்டத்து லயங்களில் பாட்டு இல்லாமல் இல்லை: கங்காணியும் பால்வாளியும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் அதில் இருந்தன. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தேடித் தொகுத்ததால் மலேசியாவின் தோட்டப் பாட்டுகளில் கொஞ்சம் தப்பிப் பிழைத்தன. அவை புத்தகத்தில் இருக்கின்றன, வாயில் இல்லை.

அந்த மெட்டுகளில் ஒன்றை மூவார் ஆர்மோனியத்தில் ஏற்றிக் கேட்க எனக்கு ஆசை. கம்பூஸும் தபேலாவும் கூடவே வரட்டும். சிகாமட், லாபிஸ், குளுவாங் என்ற ஜொகூர் ஊர்ப்பெயர்கள் அங்கே பால்மரம் வெட்டியவர்களோடு சேர்ந்து அந்தப் பாட்டுக்குள் வரட்டும்.