டிரைகேட் போட்டாயிற்று, லுகேமியாவுக்கு?

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருக்களில் வீட்டுப் பூனை பாதி நேரம்தான் வீட்டுப் பூனை. பகலெல்லாம் சோபாவில் தூங்கும். இருட்டியதும் மதில் தாண்டி, யாரோ வைத்த மீன் தலைக்குத் தெருப் பூனைகளோடு மல்லுக்கு நிற்கும். தடுப்பூசி அட்டையில் டிரைகேட், ரேபிஸ் இரண்டுக்கும் தேதி இருக்கும். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பார்கள் வீட்டார்.

இந்த வழக்கத்தை லேசாக எடைபோடக் கூடாது. குட்டிகளைச் சில நாட்களிலேயே சாய்த்துவிடும் பான்லுகோபீனியா, மூக்கையும் கண்ணையும் ஒழுகவைக்கும் ஹெர்பிஸ், வாய்ப்புண் தரும் கலிசி ஆகிய மூன்றுக்கும் டிரைகேட் காப்பு. ரேபிஸ் ஊசி பூனையோடு வீட்டாரையும் காக்கிறது.

ஆனால் லுகேமியா வைரஸ் இந்தப் பட்டியலில் இல்லை.

1964இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டறிந்த வைரஸ் இது. ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் தின்பது, கடிபடுவது என்று முக்கியமாக எச்சில் வழியே பரவும். தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். ரத்தசோகை, லிம்போமா, எதிர்ப்புச் சக்திக் குறைவு எல்லாம் இதன் கைவரிசை. மனிதருக்கோ நாய்க்கோ ஒட்டாது.

அமெரிக்காவில் 1985 முதலே இதற்குத் தடுப்பூசி உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட எல்லாப் பூனைகளுக்கும் அதைப் போடச் சொல்கிறது அந்நாட்டின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. அதன்பின் பூனை வெளியே போகிறதா என்பதைப் பார்த்து முடிவு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட முடியாது. ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு ஊசியால் பயனில்லை. அபூர்வமாக, ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. அதனால்தான் ரேபிஸ் ஊசியை வலது பின்னங்காலிலும் லுகேமியா ஊசியை இடது பின்னங்காலிலும், முடிந்தவரை கீழே, போடும் முறை வந்தது. கட்டி வந்தால் காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம்.

ஆக, முதல் வேலை ரத்தப் பரிசோதனை. சில சொட்டு ரத்தம், கிட்டில் சில நிமிடம், குட்டிக்கும் செய்யலாம். இங்கே நடக்கும் தவறு, ஒரே முடிவைத் தீர்ப்பாக்குவது. 'பாசிட்டிவ்' என்றால் வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும். சில பூனைகள் வைரஸை அடக்கிவிடுகின்றன. அண்மையில் தொற்றியிருந்தால் 'நெகட்டிவ்' வரலாம். ஒரு மாதத்துக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

தொற்று உறுதியான பூனையும் சில ஆண்டுகள் நன்றாக வாழலாம். தனி அறை, தனித் தட்டு, கருத்தடை, பச்சை மீனுக்குத் தடை, ஆறு மாதத்துக்கொரு பரிசோதனை: இவ்வளவுதான். வழக்கமான ஊசிகளை நிறுத்தத் தேவையில்லை. சோப்புத் தண்ணீரிலேயே சாகும் வைரஸுக்காக வீட்டையே கழுவிவிட வேண்டியதில்லை.

பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது சொல்வது இன்றைய நிலையை. அடுத்த வாரம் தெருவில் கடிபடும் பூனையை அது காக்காது. கதவைச் சாத்தி வளர்க்க முடிந்த வீட்டுக்குப் பரிசோதனையே பெரும்பாலும் போதும். வெளியே போய்ப் பழகிய இளம்பூனைக்கு மட்டும், ஊசிக்கட்டி அபாயத்தைக் கணக்கில் வைத்தாலும், லுகேமியா ஊசி கேட்பது நியாயம்.