தண்ணீரே பூட்டும் கதவு

எங்கள் வீட்டுப் புல்தரைக்குப் பல வருடமாகப் பித்தளை கேட் வால்வுதான். திருகித் திருகி மூட வேண்டும். மூடிய பிறகும் சொட்டும். போன மாதம் அதை எடுத்துவிட்டு சோலனாய்டு வால்வு மாட்டினோம். மாட்டுமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து அதன்மேல் தனிப் பிரியம்.

உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. வருகிற தண்ணீர் நுண்துளை ஒன்றின் வழியே சவ்வுக்கு மேலுள்ள அறையிலும் போய் நிறைகிறது. மேலும் கீழும் ஒரே அழுத்தம்தான். ஆனால் மேலே தண்ணீர் படும் பரப்பு அதிகம். அதனால் சவ்வு அழுந்தி வழியை அடைத்துக்கொள்கிறது. அங்கே ஒரு ஸ்பிரிங்கும் உண்டு, ஆனால் பூட்டுவதில் பெரும்பங்கு தண்ணீருடையது! 24 வோல்ட் மின்சாரம் சுருளில் பாய்ந்ததும் சின்னக் கம்பி ஒன்று மேலெழும். மேலறைத் தண்ணீர் வெளிப்பக்கம் வடியும். சவ்வு உயர்ந்து வழிவிடும். ஒரு அங்குலக் குழாயின் வேகத்தை அந்தச் சிறு கம்பி ஆள்வதை எத்தனை முறை நினைத்தாலும் அலுக்கவில்லை.

மூடுவதிலும் நிதானம். மேலறை நிறைய நிறையத்தான் அடைபடும். பால் வால்வைச் சட்டென்று திருப்பினால் குழாய் அதிருமே, அது இதில் குறைவு.

நுண்துளையில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், வால்வு மூடாது. போர் தண்ணீர் என்றால் முன்னால் வடிகட்டி கட்டாயம்.

விடியற்காலை ஐந்துக்கு ‘க்ளிக்’ என்று கேட்கும். பிறகு குழாய்க்குள் ஒரு சீறல். அப்புறம் புல்மேல் தூறல்.